செய்முறைக் குறிப்பும் அதைக் கையில் எடுப்பவரும்

எழுதப்படுவனவற்றுள் பெரும்பகுதி ஓய்வாக அமர்ந்து படிப்போர்க்கென எழுதப்படுவதாகும். கதையோ கட்டுரையோ விளங்காவிடின் மறுமுறை படிக்கலாம். வேண்டாமெனின் மூடி வைத்துவிடலாம். அதனால் எவர்க்கும் தீங்கு நேர்வதில்லை. ஆனால் ஒரு கையிலே தாளையும் மறு கையிலே பொருளையும் பிடித்துக்கொண்டு, நின்ற நிலையிலே படிக்கப்படும் எழுத்தும் ஒன்று உண்டு. மருந்துப் பெட்டியினுள் மடித்து வைத்திருக்கும் தாள், தையல் இயந்திரத்தோடு வரும் சிறு புத்தகம், எரிவாயு அடுப்பிலே ஒட்டியிருக்கும் சீட்டு ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இலக்கிய வரலாறு எழுதுவோர் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. எனினும் கதைப் புத்தகம் ஒன்றேனும் இல்லாத வீட்டுக்குள்ளும் நுழையும் உரைநடை இதுவே. இதிலே பிழை நேர்ந்தால் வருந்துபவர் எழுதியவர் அல்லர், படித்தவரே.

நேயர்கள் யாவரும் அறிந்த ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் நம் நாட்டுத் தாய்மார் தேடுவது 'ஜீவனி' என்ற உப்புக் கரைசற் பொடியையாகும். உலக சுகாதார நிறுவனம் 2002ஆம் ஆண்டிலே திருத்தி அமைத்த அளவுப்படி, இத்தகைய கரைசலின் ஒரு லீற்றருக்குரிய பொடியின் நிறை 20.5 கிராம். அதிலே 13.5 கிராம் குளுக்கோசு, 2.6 கிராம் சாதாரண உப்பு. எஞ்சியவை பொற்றாசியம் குளோரைட்டும் சோடியம் சித்திரேற்றும். ஆய்வுக்கூடத்திலே அளந்து நிறுத்து ஆக்கிய பொருள் இது. ஆனால் அதன் கடைசி அளவு ஆய்வுக்கூடத்திலே நடைபெறுவதில்லை. கொட்டாஞ்சேனையிலே, ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய வீடொன்றிலே, நள்ளிரவிலே, அழுகின்ற குழந்தையை இடுப்பிலே வைத்திருக்கும் ஒரு தாயின் கையிலேதான் அது நடைபெறுகின்றது. அத்தாளிலே அவர் காண்பது 'ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர்' என்னும் சொற்கள்.

லீற்றர் என்பது அவர் வீட்டிலே எங்கே இருக்கின்றது? நம் நாட்டிலே நெடுங்காலமாக எண்ணெயும் பாலும் மண்ணெண்ணெயும் போத்தற் கணக்கிலே விற்கப்பட்டு வந்தன. அந்தப் போத்தல் 750 மில்லிலீற்றர் கொண்டது. பழைய வழக்கிலே வளர்ந்த பாட்டியார் ஒருவர், லீற்றர் என்பதும் போத்தல் என்பதும் ஏறத்தாழ ஒன்றே என்று கருதிப் பொடியைக் கரைத்தாராயின், கரைசல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உப்புச் செறிந்துவிடும். நீரை இழந்து வாடிய குழந்தைக்கு மிகை உப்பு ஊறாகும். தேநீர்க் கோப்பையிலே அரைப் பொடியைக் கரைப்பவர்களும் உண்டு. பாதிப் பொடியைக் கரைத்தால் மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் எளிய வீடுகளிலே இயல்பாகவே எழும். மாறாக, மிகுந்த நீரிலே கரைத்தால் பயன் குன்றும். ஆகவே 'ஒரு லீற்றர்' என்று எழுதியவர் உண்மையைத்தான் எழுதினார்; ஆயினும் அது போதாது. 'கடையிலே விற்கும் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலால் இரண்டு முறை அளந்து ஊற்றுக. பொட்டலம் முழுவதையும் ஒரே முறையிலே கொட்டுக. 24 மணி நேரம் கழிந்தபின் எஞ்சியதை ஊற்றிவிடுக' என்று எழுதினால், எழுத்து அந்தத் தாயின் சமையலறைக்குள் வந்துவிட்டது எனலாம்.

நம் முன்னோர் நூலின் குற்றங்களை வகுத்துக் கூறினர். பவணந்தி முனிவரின் நன்னூல் பத்துக் குற்றங்களைத் தருகின்றது. வேண்டியதைச் சொல்லாது விடுவது குன்றக் கூறல்; வேண்டாததைச் சேர்ப்பது மிகைபடக் கூறல்; படிப்பவர் இதுவோ அதுவோ எனத் தடுமாறும்படி எழுதுவது மயங்க வைத்தல். பள்ளியிலே மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் பலரும் மறந்துவிடும் இப்பட்டியல், மருந்துச் சீட்டுக்கும் இயந்திரக் கைந்நூலுக்கும் வியக்கத்தக்க வகையிலே பொருந்துகின்றது. ஆனால் ஓரிடத்திலே வழி பிரிகின்றது. நூலுக்கு அழகு பத்தும் கூறுமிடத்து, கற்றறிந்தோர்க்கு இனிமை பயத்தலை நன்னூலார் ஓர் அழகாக வைத்தார். செய்முறைக் குறிப்போ கல்லாதவர்க்கு எளிமை பயக்க வேண்டும். அத்துறை வல்லவர் அதைப் படித்து மகிழ்வதனால் ஒரு பயனும் இல்லை; அவர்க்கு அது தேவையே இல்லையன்றோ?

தமிழிலே இத்தகைய எழுத்துக்கு வழி வகுத்தவர் யார் என்று கேட்டால், நம் நாட்டிலேயே ஒருவர் முன்னிற்கின்றார். அமெரிக்க நாட்டின் மசாச்சுசெற்சு மாநிலத்திலே வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர். 1847இலே இலங்கைக்கு வந்து, மானிப்பாயிலே வைத்தியப் பணி ஆற்றினார். இடையிலே சில ஆண்டுகள் தாயகம் சென்றிருந்து, 1862இலே மீண்டும் வந்து, 1873 வரை தொண்டு செய்தார். முதலிலே ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1864 தொடக்கம் தமிழிலேயே கற்பிக்கலானார். கொழும்பிலே 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலம் ஒன்றையே போதனா மொழியாகக் கொண்ட காலம் அது என்பதை நினைத்தால், இச்செயலின் துணிவு விளங்கும்.

கற்பிக்கத் துணிந்தபின் நூல் வேண்டுமே! 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' 1857இலேயே வெளிவந்திருந்தது. 'இரண வைத்தியம்' 1867இலும், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வந்தன. 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலியனவும் உண்டு. சிலவற்றை அவரே மொழிபெயர்த்தார். சிலவற்றை மாணவர்கள் மொழிபெயர்க்க, அவர் மேற்பார்த்துத் திருத்தினார். புதுச் சொல் வேண்டியவிடத்து முதலிலே தமிழிலே தேடினார்; கிடைக்காவிடின் வடமொழியை நாடினார்; அங்கும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்துக் கொண்டார். கலைச்சொற் பட்டியல்களையும் ஆக்கி வைத்தார்.

இன்று உடற்கூற்றியலை எவரும் அங்காதிபாதம் என்று கூறுவதில்லை. இரசாயனவியல் கெமிஸ்தம் ஆகவில்லை. அவருடைய சொற்கள் பலவும் வழக்கொழிந்தன. இதனைக் காட்டி அவர் முயற்சி தோல்வியுற்றது என்பார் உளர். அது சரியன்று. அந்நூல்களைப் படித்தவர்கள் பரீட்சைக்காக மட்டும் படித்தவர்களல்லர். வண்டிப் பாதையும் ஒழுங்காக இல்லாத ஊரிலே, கேட்பதற்கு மற்றொரு வைத்தியர் அருகில் இல்லாத நிலையிலே, கத்தியைக் கையில் எடுக்க வேண்டியவர்கள் அவர்கள். அவ்வேளையிலே மனத்துக்குள்ளே எழுவது எம்மொழியோ, அம்மொழியிலே அறிவு நின்றால்தான் கை நடுங்காது. கிறீன் அதை உணர்ந்திருந்தார். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைத் தெரிந்து, பட்டியலிலே எழுதி, மாணவர் கைகளுக்கும் அதையே கொடுத்தார். அச்சொல் நூறாண்டு வாழ்ந்ததா என்பது அகராதிக்காரரின் கவலை. இரண வைத்தியத்திலே ஒரு நரம்புக்கு முதற்பக்கத்திலே ஒரு பெயரும் பத்தாம் பக்கத்திலே வேறொரு பெயரும் இருந்திருந்தால் நோயாளியின் கதி என்னவாகியிருக்கும்?

இங்கே நம் பள்ளிக்கூடப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கின்றது. மாணவன் கட்டுரையிலே ஒரே சொல்லைப் பன்முறை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையினாலே கோடிடுவார். கதிரவன் என்று எழுதியபின் ஞாயிறு என்றும், பின்னர் பரிதி என்றும் மாற்றி எழுதுவது நடையழகு எனக் கற்பிக்கின்றோம். இப்பயிற்சியிலே தேறியவர் பின்னொருநாள் எரிவாயு அடுப்புக்குக் குறிப்பு எழுத அமர்கின்றார். முதல் வரியிலே 'வால்வு' என்கிறார். மூன்றாம் வரியிலே 'அடைப்பான்'. ஐந்தாம் வரியிலே 'திறப்பி'. படிப்பவரோ மூன்று உறுப்புகளைத் தேடி உருளையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கின்றார். கவிஞனுக்குச் செல்வமாகிய பரியாயச் சொற்கள் இங்கே கடனாகி விடுகின்றன.

எந்தச் சொல் என்பதும் எளிய வினாவன்று. ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளிலே அரசகரும மொழித் திணைக்களம் கொழும்பிலிருந்து வெளியிட்ட சொற்றொகுதிகள் பாடசாலை விஞ்ஞானத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்தன. அமுக்கம் என்ற சொல்லை இலங்கை மாணவன் ஐயமின்றி அறிவான்; தமிழ்நாட்டிலே அதே பொருளை அழுத்தம் என்பர். மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவியை நம் பாடநூல் ஆளி என்கின்றது. ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியிலே வாழும் மூதாட்டியார் அதைச் சுவிச்சு என்றே அறிவார். பரீட்சைத் தாளிலே ஆளி இருக்கட்டும். ஆபத்து வேளையிலே படிக்கவேண்டிய சீட்டிலே சுவிச்சு இருப்பதே நன்று. காலி வீதியிலுள்ள மருந்துக்கடைகளிலே இந்தியாவிலிருந்து வரும் மருந்துகளும் கிடைக்கின்றன. தமிழகத்தார் மாத்திரை என்பதை நம்மவர் குளிசை என்பர். வில்லை என்பாரும் உளர். விஞ்ஞானம் படிக்கும் பேரனுக்கு வில்லை என்றால் கண்ணாடி வில்லையாகும்! பாட்டியின் மருந்துச் சீட்டிலே 'இரண்டு வில்லை' என்றிருப்பதைக் கண்டு அவன் சிரித்தால் குற்றம் அவனதன்று.

சொல்லினும் முக்கியமானது வாக்கியம். தமிழ் வாக்கியத்திலே வினைமுற்று இறுதியிலே நிற்கும். செய்க என்பதும் செய்யற்க என்பதும் கடைசியிலே வந்துதான் தெரியும். பேச்சிலே இது இடையூறு செய்வதில்லை. ஆனால் 'எரிவாயு மணம் உணரப்படும் வேளையில் சமையலறையின் மின்விளக்கினை ஒளிரச் செய்து கசிவு ஏற்பட்ட இடத்தினைக் கண்டறிய முயலுதல் தவிர்க்கப்படல் வேண்டும்' என்று ஒரு சீட்டு கூறுவதாகக் கொள்வோம். பதற்றத்தோடு படிப்பவர் பாதியிலேயே விளக்கைப் போட்டுவிடுவார். தடை அதற்குப் பின்னரே வருகின்றது. அன்றியும் 'தவிர்க்கப்படல் வேண்டும்' என்றால் யார் தவிர்ப்பது? அலுவலகத் தமிழுக்கு இச்செயப்பாட்டு வினையிலே தீராத காதல். 'காஸ் மணக்கின்றதா? சுவிச்சைத் தொடவேண்டாம். தீக்குச்சி கிழிக்கவேண்டாம். சன்னல்களைத் திற. உருளையின் வால்வை மூடு' என நறுக்கெனச் சொன்னால், மரியாதை சிறிது குறைந்தாலும் வீடு மிஞ்சும். 'திறவுங்கள், மூடுங்கள்' என்றால் மரியாதையும் குறையாது.

எரிவாயு என்றதும், 2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்கள் பலருக்கு நினைவுக்கு வரும். இலங்கையின் பல பாகங்களிலும் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. உயிர்களும் பலியாயின. மாலையிலே அடுப்பை மூட்டுவதற்கு மக்கள் அஞ்சினர். ஆராய்வதற்கு ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். உருளையினுள்ளே இருக்கும் புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை விகிதம் மாறியிருந்தமை பெரிதும் பேசப்பட்டது. பியூட்டேன் ஏறத்தாழப் பூச்சியப் பாகை வெப்பத்திலே கொதிப்பது. புரோப்பேனோ பூச்சியத்துக்கு 42 பாகை கீழேயே கொதிப்பது. ஆதலின் புரோப்பேன் கூடினால் உருளையினுள் அமுக்கம் கூடும். குழாயும் இணைப்புகளும் பழையனவாக இருப்பின் கசிவு எளிதாகும்.

உருளையின் நிறம் மாறவில்லை. எழுத்து மாறவில்லை. வீட்டுக்காரர் அடுத்த வீட்டிலே கடன் வாங்கிய உருளையை மாட்டுவதுபோலவே புதியதையும் மாட்டினார். அவர் குறிப்பைப் படிக்கவில்லை என்று எவரும் குறைகூற இயலாது; படிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. நன்னூலார் சொன்ன குன்றக் கூறலுக்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுமா? அதன் பின்னரே கலவை விகிதத்தை உருளையிலே குறிக்கவேண்டும் என்ற கட்டளை பிறந்தது. அக்கட்டளை தக்கதே. ஆயினும் இத்தனை பங்கு புரோப்பேன், இத்தனை பங்கு பியூட்டேன் என்ற இரண்டு எண்களைக் கண்டு வெள்ளவத்தை இல்லத்தரசி ஒருவர் என்ன செய்வது? எண் பொறியியலாளருக்கு உரியது. வீட்டுக்கு உரியது வேறு: இணைப்பிலே சவர்க்கார நீரைத் தடவிப் பாருங்கள், குமிழி எழுந்தால் கசிவு உண்டு, இவ்வாயு காற்றினும் பாரமானது, தரையோடு தங்கும், ஆகவே உயரத்திலுள்ள சிறு சாளரத்தைத் திறந்து திருப்தியடைய வேண்டாம், வாயிற்கதவையும் திறவுங்கள். பொருளிலே மாற்றம் நேரும்போது தாளும் அன்றே மாறவேண்டும் என்பதும், மாறிய தாள் எவருக்காக என்பதும் இரண்டு வெவ்வேறு வினாக்கள். முதலாவதற்கு நீதிமன்றம் வரை சென்று விடை பெற்றோம். இரண்டாவதை இன்னும் சரியாகக் கேட்கவே இல்லை.

கொழும்பிலே இவ்வினாவுக்கு மற்றொரு முகமும் உண்டு. 1987இலே பதின்மூன்றாவது திருத்தத்தின் வழியாகத் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. மும்மொழியிலும் எழுதப்பட்ட பலகைகளையும் சீட்டுகளையும் இன்று எங்கும் காண்கின்றோம். மூன்றாவது வரியிலே நிற்கும் தமிழ் பலவேளைகளிலே தமிழரைக் கேளாமல் எழுதப்பட்ட தமிழாக இருக்கின்றது. பேருந்திலும் அலுவலகங்களிலும் அதைக் கண்டு நகைத்துவிட்டுப் போகலாம். படம் எடுத்து நண்பர்க்கு அனுப்புவோரும் பலர். மருந்துச் சீட்டிலே நகைக்க இயலாது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்க்கு, மேலேயுள்ள இரு வரிகளோடு ஒப்பிட்டுப் பிழையைக் கண்டுகொள்ளும் வாய்ப்பும் இல்லை. 'உணவுக்குப் பின்' என்பதில் ஓரெழுத்துச் சிதைந்தாலும் அவர் அதையே நம்புவார்.

அப்படியாயின் ஒரு குறிப்பு நன்றென்று அறிவது எப்படி? எழுதியவர் தாமே படித்துப் பார்ப்பதனால் ஒன்றும் தெரியாது. அவர் எழுதாமல் விட்டதையும் அவர் மனம் நிரப்பிக்கொள்ளும். இதற்கு விடை கண்டவர்கள் நம் அயலிலேயே இருக்கின்றனர். வங்காள தேசத்திலே 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனம் 1980 தொடக்கம் 1990 வரை வீடு வீடாகச் சென்று, வயிற்றோட்டத்துக்கு வீட்டிலேயே கரைசல் ஆக்கும் முறையைத் தாய்மார்க்குக் கற்பித்தது. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அப்பணி சென்றது. பொட்டலம் எட்டாத கிராமங்கள் அவை. எழுத்தறியாத் தாய்மாரும் மிகப் பலர். ஆகவே அவர்கள் தாளை நம்பவில்லை. மூன்று விரலாற் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று அளவைக் கையிலேயே வைத்தனர். நினைவில் நிறுத்தவேண்டிய செய்திகளைப் பத்தாகச் சுருக்கினர்; பின்னர் அதுவும் மிகுதி எனக் கண்டு ஏழாகக் குறைத்தனர். மிகைபடக் கூறலை அஞ்சியவர் நன்னூலார் மட்டுமல்லர்!

வியப்பு இனித்தான் வருகின்றது. கற்பித்த பணியாளருக்கு, எத்தனை வீட்டுக்குச் சென்றார் என்று பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. சில வாரங்களின் பின் வேறொருவர் சென்று, அத்தாய் எத்தனை செய்திகளை நினைவில் வைத்திருக்கின்றார் என்று கேட்பார். கரைசலை ஆக்கிக் காட்டச் சொல்வார். அதன் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று உப்பின் அளவைச் சோதிப்பர். தாய்க்கு நினைவிருந்த அளவுக்கே ஆசிரியைக்குக் கூலி. தாய் பிழை செய்தால் அது தாயின் அறியாமை எனப்படவில்லை. கற்பித்தவரின் குறை எனப்பட்டது. தாய்மார் கற்றும் கரைசலைப் பயன்படுத்தாதது ஏன் என்று தேடியபோது, கற்பித்த பணியாளர்களே தங்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் வேறு மருந்தை விழுங்கியமை வெளியாயிற்று. பின்னர் அவர்களை டாக்காவிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து, கரைசல் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை விளங்கவைத்தனர். தான் நம்பாததை எழுதுபவரின் குறிப்பிலே எங்கேயோ ஒரு தளர்வு இருக்கத்தான் செய்யும்.

இத்தகைய சோதனைக்குக் கொழும்பிலே பெரும் செலவு வேண்டியதில்லை. ஒரு மருந்துச் சீட்டை அச்சுக்கு அனுப்புமுன், கொட்டாஞ்சேனையிலே ஐந்து பேரைத் தெரிந்தெடுக்கலாம்: துறைமுகத் தொழிலாளர் ஒருவர், கண் மங்கிய முதியவர் ஒருவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் ஒருவர், கைக்குழந்தைத் தாயர் இருவர். சீட்டையும் பொட்டலத்தையும் கொடுத்து, விளக்கம் எதுவும் கூறாமல், அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். எங்கே விரல் நிற்கின்றது, எந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கின்றார், எந்தக் கோப்பையை எடுக்கின்றார் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். வாய் திறந்து உதவி செய்யாதிருப்பதே எழுதியவருக்குக் கடினமான பகுதி. ஒரு பிற்பகல் போதும். மறுநாள் காலையிலே சீட்டைத் திருத்தி எழுதலாம். மாலையிலே வேறு ஐவரிடம் கொடுக்கலாம்.